பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும் புல்

கடற்புல் என்றால் சேற்றில் வளர்வது என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நம் சிங்கப்பூரில் அப்படித்தானே! விடியற்காலையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து செமக்காவ் தீவுக்குப் போனால், நாடா போல நீண்ட புல் சேற்றின்மேல் சாய்ந்து கிடக்கும். கால் வைத்தால் கணுக்கால்வரை புதையும்.

போன ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பசிஃபிக் குரோவ் கரையில் அலை மோதுகிற பாறைகள்மேல் பச்சைப் பசேலென்று கூந்தலை விரித்துப் போட்டது போல ஏதோ கிடந்தது. பாசி என்று நினைத்தேன். தங்கைதான், "இது பாசி இல்லக்கா, பூக்கிற செடி. சர்ஃப் கிராஸ்னு சொல்வாங்க" என்றாள்.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி, விரல் மரத்துப் போனது. இலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். நீளமோ என் கையைவிட அதிகம். அடியில் வேர்கள் பாறையோடு பாறையாக ஒட்டியிருந்தன. ஓர் அலை வந்து மொத்தத்தையும் ஒரு பக்கமாகச் சாய்த்தது, திரும்பும்போது மறுபக்கம் சாய்த்தது. ஓர் இலைகூட அறுந்து வரவில்லை.

மண்ணே இல்லாத இடத்தில் விதை எப்படித் தங்குகிறது? அன்று இரவு தேடிப் படித்தேன். விதைக்கு இரண்டு கைகள், அவற்றில் கொக்கி போன்ற முட்கள். பாறையில் கிளைவிட்டு வளரும் செம்பாசியில் அது மாட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கிறது. நம் புடவையில் நாயுருவி ஒட்டுவதேதான்! பாசி இல்லையென்றால் புல்லுக்குப் பிடிமானமே இல்லை. இந்தப் புல்லில் மொத்தம் 5 வகை. வட பசிஃபிக்கின் இரு கரைகளிலும், அந்தப் பக்கம் ஜப்பான்வரை, குளிர்ந்த கடலில்தான் வளரும். நம் வெந்நீர்க் கடலுக்கு வராது.

நம் பக்கத்தில் யாராவது கடற்புல் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?

*

நான் பார்த்திருக்கிறேன் அக்கா, அதே செமக்காவில்தான். தண்ணீர் நன்றாக வற்றிய ஒரு காலையில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. யாரோ தெர்மகோல் பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. கூட வந்த வழிகாட்டி, அத்தனையும் நாடாப் புல்லின் ஆண் பூக்கள் என்றார். அடியில் செடியைவிட்டுக் கழன்று மேலே வந்து மிதக்குமாம். பக்கத்திலேயே நீண்ட காம்பில் ஒரு பெண் பூ விரிந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலைந்து துகள்கள் மெல்ல நகர்ந்து அதன் இதழ்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

அப்புறம் சாங்கி கடற்கரைக்கும் ஒருமுறை வாருங்கள். அங்கே கரண்டி வடிவ இலையோடு குட்டிக் கடற்புல் இருக்கிறது, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இலை. கடற்பசு மேயும் புல் அதுதான். அடுத்த முறை தண்ணீர் வற்றும் நாள் பார்த்துச் சொல்கிறேன், சேர்ந்தே போகலாம்.