‘ஆச்சி வீடு’ குரூப்: சனிக்கிழமை காலை 6:12

காலை 6:12
பெரியப்பா: (பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது)
🌿 சர்க்கரை நோயா? கவலை வேண்டாம்!! தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சை சுரைக்காய் சாறு. ஒரு மண்டலம் குடித்தால் மாத்திரையை தூக்கி எறியலாம். கொழுப்பு கரையும். இதயம் பலப்படும். பக்க விளைவு அறவே கிடையாது ஏனென்றால் இது இயற்கை!! பத்து பேருக்காவது பகிருங்கள்

பெரியப்பா: எனக்கு இன்னைக்கு 13வது நாள். சுகர் இன்னும் பாக்கல ஆனா உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு

செல்வி சித்தி: சூப்பர் அத்தான் 👏 நானும் ஆரம்பிக்கணும் இவியளுக்கும் கொலஸ்ட்ரால் இருக்குல்லா

பெரியப்பா: கடைக்காய் வாங்காத செல்வி. எங்களுக்கு பக்கத்து வீட்டு டீச்சர் மொட்டமாடில கொடி விட்டுருக்காவ, மருந்து அடிக்கல உரம் போடல வெறும் சாணித்தண்ணி தான், நேத்து சாயங்காலம் புதுசா பறிச்சு குடுத்து விட்டாவ. வைத்தியனுக்கு குடுக்கத வாணியனுக்கு குடுன்னு சும்மாவா சொன்னாவ

காலை 6:34
பெரியப்பா: குடிச்சாச்சு. இன்னைக்கு கசப்பு கொஞ்சம் ஜாஸ்தி, வேப்பங்கொழுந்த மென்ன மாதிரி இருந்துச்சு, மூக்க பிடிச்சுக்கிட்டு முக்கால் டம்ளர் உள்ள தள்ளிட்டேன்

செல்வி சித்தி: நாட்டு காய்னா அப்படித்தான் இருக்கும் அத்தான். ஒரு ஸ்பூன் தேன் விட்டுக்கோங்க

கார்த்தி: சுகருக்கு குடிக்கிற ஜூஸ்ல தேனா சித்தி 😂

செல்வி சித்தி: மலைத்தேன்டா அது சுகர் ஏத்தாது

கார்த்தி: நல்லா ஏத்தும். மலைல இருந்து வந்தாலும் தேன்ல இருக்கிறது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தான். அதுவும் சுத்தமான தேன் கெடச்சா. 2020 டிசம்பர்ல டெல்லி சி.எஸ்.இ.ங்கிற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பு 13 பிராண்ட் எடுத்து டெஸ்ட் பண்ணதுல 10 பிராண்ட், சீனிப்பாகு கலப்ப கண்டுபிடிக்கிற என்.எம்.ஆர். டெஸ்ட்ல தேறலன்னு சொன்னாங்க, கம்பெனிக்காரங்க இல்லவே இல்லன்னாங்க. தண்ணில விட்டா கரையாம அடிக்கு போகுதான்னு நீங்க பாக்கிறீங்களே அத நம்பாதீங்க, கெட்டியா காச்சுன சீனிப்பாகும் அப்படித்தான் அடிக்கு போகும்

பிரியா: நல்லவேள தேன் பேச்சு வந்துச்சு. அம்மா பாப்பாவுக்கு வசம்பு சுட்டு தேன்ல இழைச்சு நாக்குல தடவணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவனுக்கு 4 மாசம் தான் ஆகுது. மீனாக்கா குடுக்கலாமா

கார்த்தி: அக்காவுக்கு நைட் டூட்டி. வார்டுல இருந்து வந்து பதில் சொல்லுவா

காலை 6:51
செல்வி சித்தி: (வீடியோ)
எல்லாரும் பாருங்க தர்பூசணில ஊசி போட்டு செவப்பு கலர் ஏத்துதானுவ. டிஷ்யூ பேப்பர் வெச்சு தேச்சா ஒட்டுது. பிள்ளைகளுக்கு வாங்கி குடுக்காதீங்க

முத்து மாமா: செல்வி முதல்ல அத அழி

செல்வி சித்தி: ஏண்ணே

முத்து மாமா: இது 2025 கோடைல சுத்துன புரளில்லா. ஊசி குத்துனா அந்த ஓட்ட வழியா காத்து போயி உள்ள நொதிச்சு நுரை தள்ளிரும், அத எவன் லாரில ஏத்தி நாலு நாள் வெச்சு விப்பான் சொல்லு பாப்போம். தக்காளிய தேச்சா டிஷ்யூல ஒட்டாதா, ரெண்டுக்கும் செவப்பு குடுக்கது ஒரே சரக்கு தான். அந்த வருஷம் திண்டிவனம் மரக்காணம் பக்கம் பழத்த கேக்க நாதியில்லாம வயல்லயே அழுகுச்சு. வெதச்சவன் வயித்துல அடிச்சது ஒரு வீடியோ

கார்த்தி: லைக்கோபின் மாமா. ஆனா எல்லாமே புரளின்னும் சொல்லிர முடியாது. பஞ்சுமிட்டாய்ல துணிக்கு போடுற சாயம் ரோடமின்-பி இருந்துச்சுன்னு 2024 பிப்ரவரில முதல்ல பாண்டிச்சேரி அப்புறம் தமிழ்நாடு ரெண்டும் தடை போட்டுச்சுல்ல

முத்து மாமா: அது லேப்ல வெச்சு பாத்து சொன்னது. நான் வேண்டாங்கலியே. மாம்பழத்துக்கு கல்லு வெக்கானுவளே அத பிடிக்கட்டும், கார்பைடு கல்லு தடைன்னு சட்டத்துலயே இருக்கு, வேணும்னா எத்திலின் கேஸ் வெச்சு பழுக்க வைக்க அனுமதியும் இருக்கு. நெசமா நடக்கதுக்கு ஒருத்தனும் வீடியோ போட மாட்டான்

செல்வி சித்தி: அப்போ மனுசன் எதத்தான் நம்பி வாயில வைக்கது. மஞ்சப்பொடில கூட காரீயம்னு சொல்லுதாவ

கார்த்தி: லெட் குரோமேட். விரலி மஞ்சளுக்கு பளபளன்னு மஞ்சள் நெறம் வர பூசுவாங்க. ஒரு துண்ட தண்ணில போட்டு பாருங்க, போட்ட உடனே கலர் பிரிஞ்சு ஓடுனா சந்தேகப்படுங்க. ரொம்ப பளிச்சுன்னு இருக்கிறத வாங்காதீங்க

முத்து மாமா: அம்மா ஈரோட்டு விரலி தான் வாங்கி காயப்போட்டு மில்லுல திரிக்கா, உனக்கு ரெண்டு கிலோ குடுத்து விடுதேன்

காலை 7:16
பிரியா: அப்பாவுக்கு ஒரு மாதிரி வருது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாவ வயித்த பிடிச்சுட்டு சுருண்டு படுத்துருக்காவ, வேர்க்குது

செல்வி சித்தி: ஐயோ. பித்தமா இருக்கும் வெறும் வயித்துல்லா. ஓமத்தண்ணி கொதிக்க வெச்சு குடு, இல்லாட்டா சுக்கு தட்டி போட்டு குடு, எலுமிச்சம்பழம் மோந்து பாக்க சொல்லு

முத்து மாமா: ஏ பிள்ள ராத்திரி என்ன சாப்பிட்டாவ

பிரியா: ரெண்டு இட்லி தான் மாமா நாங்களும் அதான் சாப்பிட்டோம் எங்களுக்கு ஒண்ணும் இல்ல

கார்த்தி: அக்காவுக்கு கால் பண்றேன் இருங்க

காலை 7:22
மீனா அக்கா: இப்பதான் போன எடுத்தேன். பிரியா மேல அப்பா கசப்புன்னு போட்டுருக்காவளே அது சுரைக்காய் மட்டும் தானா வேற எதுவும் சேத்தாவளா

பிரியா: சுரைக்காய் தான்க்கா ஒரு துண்டு இஞ்சி

மீனா அக்கா: ஓமம் சுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே ஆட்டோ பிடிச்சு பக்கத்துல இருக்க பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போ. ‘கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சாவ’ன்னு முதல் வார்த்தையா சொல்லு, வெறும் வாந்தின்னு சொல்லாத. மீதி ஜூஸ் இருந்தா பாட்டில்ல ஊத்தி கொண்டு போ

பிரியா: என்னக்கா இவ்ளோ பயமுறுத்துதிய

மீனா அக்கா: கெளம்பு பிள்ள அப்புறம் பேசலாம்

காலை 7:40
பிரியா: ஆட்டோல இருக்கோம். மூணாவது வாந்தில ரத்தம் மாதிரி கோடு கோடா இருந்துச்சு

முத்து மாமா: நான் பஸ் ஏறிட்டேன். பயப்படாத மக்களே

காலை 9:52
பிரியா: சேத்துட்டாவ. பிபி 90/60 தான் இருந்துச்சு, ட்ரிப்ஸ் ஓடுது, வயித்துக்கு ஊசி போட்டுருக்காவ. இப்போ வாந்தி நின்னுருக்கு. டாக்டர் சுரைக்காய்ன்னதும் மீனாக்கா கேட்ட அதே கேள்விய தான் கேட்டாரு, கசந்துச்சான்னு. ரெண்டு நாள் இருக்கணுமாம். இன்னொரு கூத்து, சுகர் 312. மாத்திரையும் 13 நாளா போடலயாம். டப்பால இருந்து தெனம் ஒண்ண எடுத்து வாஷ்பேசின்ல போட்டுருக்காவ, அம்மா எண்ணிப் பாப்பான்னு

மீனா அக்கா: 🤦‍♀️ அந்த ஃபார்வேர்ட எழுதுனவன் கையில கெடச்சா...

மதியம் 1:05
செல்வி சித்தி: ஏ மீனா எனக்கு இன்னும் மனசு ஆறல. சொந்தக் கொடி, மருந்து அடிக்காதது, அது எப்படி விஷமாகும்

மீனா அக்கா: மருந்து அடிச்சு வரலை சித்தி, காய்க்குள்ளயே இருக்கது. சுரை, பூசணி, வெள்ளரி குடும்பத்துக்கே குக்கர்பிட்டாசின்னு ஒரு கசப்பு சரக்கு உண்டு, பூச்சி ஆடு மாடு கடிக்காம இருக்க செடி தனக்கு தானே வெச்சுக்கிட்ட மருந்து. நாம சாப்பிடுத காய்ல அது இருக்கதே தெரியாது. திடீர்னு ஒரு காய்ல ஏறிரும். ஏறுனா குடல் புண்ணாகி ரத்தம் கசியும், பிபி இறங்கும். விஷமுறிவு மருந்து கிடையாது, ட்ரிப்ஸ் போட்டு தாங்க வைக்கத தவிர. 2010ல டெல்லில ஒரு விஞ்ஞானியே இப்படி செத்துப் போனாரு, சுரைக்காயும் பாகற்காயும் கலந்து குடிச்சுருக்காரு, பாகல் கசப்புல சுரை கசப்பு தெரியல. அதுக்கப்புறம் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். கமிட்டி போட்டு சொன்னாங்க, அரைக்கதுக்கு முன்ன ஒரு துண்டு வாயில வெச்சு பாருங்க, கசந்தா தூக்கி போடுங்க, வேற ஜூஸோட கலக்காதீங்கன்னு

கார்த்தி: பாகற்காய் கசப்பும் இதுவும் வேற வேறயா

மீனா அக்கா: பாகல் எப்பவும் கசக்கும், நமக்கு அது தெரியும், அளவா தான் திங்கோம். சுரை கசக்கவே கூடாது. கசந்தா அது சொல்லுத சேதி வேற

முத்து மாமா: இந்த வெயில்ல மாடில கொடிக்கு வேர் சூடேறும், ரெண்டு நாள் தண்ணி காட்டாம விட்டாலும் காய் கசக்கும். கீழ விழுந்த வெதைல தானா மொளைச்ச கொடியையும் நம்ப முடியாது, காட்டு சுரை மகரந்தம் பட்டுருந்தா அடுத்த தலைமுறை அப்படியே கசப்பு தான். நாங்க வெதைக்கு விடுத கொடில முதல் பிஞ்ச கிள்ளி நாக்குல வெச்சு பாத்துட்டு தான் விடுவோம்

முத்து மாமா: ஆஸ்பத்திரில அத்தானை பாத்துட்டு வீட்டுக்கு திரும்பிட்டேன். அம்மா பக்கத்துல இருந்து சொல்லுதா நான் டைப் பண்ணுதேன்

முத்து மாமா: (ஆச்சி) சொரக்கா நறுக்குனா முதல் வில்லைய நாக்குல வெச்சுட்டு தான் சட்டில போடணும். வெள்ளரிக்கு நுனிய வெட்டி அதாலயே தேச்சு நுரைய எடுப்போம்ல்லா, அது மாதிரி. கசந்தா எருக்குழில தான். இத உங்க அம்மைமாருக்கெல்லாம் நான் சொல்லி தான குடுத்தேன். பச்சையா அரைச்சு குடிக்கத எந்த வைத்தியன் சொன்னான். சொரக்கா கடலப்பருப்பு போட்டு கூட்டு வைக்கதுக்கு. நான் உளுந்தங்கஞ்சி குடுப்பேன், பிள்ள பெத்தவளுக்கு காய மருந்து கிண்டி குடுப்பேன், அவ ஒடம்ப பாத்து தான் குடுப்பேன். போன பாத்து குடுக்க மாட்டேன்

பிரியா: ஆச்சி அம்மா அடுப்படிக்கே வரல. அப்பாதான் யூடியூப் பாத்து மிக்ஸில போட்டு அரைச்சாவ. தோலு கூட சீவல

செல்வி சித்தி: அப்போ நாட்டு மருந்தே பொய்யா மீனா. டெங்குக்கு கவர்மெண்டே நிலவேம்பு ஊத்துச்சே ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு, நாங்க லைன்ல நின்னு குடிச்சோமே

மீனா அக்கா: நான் அப்படி சொல்லவே இல்லயே சித்தி. நிலவேம்பு குடிநீர்ன்னா நிலவேம்போட வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு 9 சரக்கு, எவ்ளோ தண்ணி எவ்ளோ சுண்டணும்னு கணக்கு இருக்கு. அதையும் ஒரு டாக்டர் பாத்து குடுக்காரு. பெரியப்பா இருக்கது பாளையங்கோட்டைல, 1964ல இருந்து கவர்மெண்ட் சித்தா காலேஜ் அங்கயே இருக்கு. காலைல போயி ஓ.பி. சீட்டு போட்டு, இந்த மாத்திரை சாப்பிடுதேன் இதோட எது சேரும் எது சேராதுன்னு கேட்டுருந்தா அவங்களே இந்த ஜூஸ வேண்டாம்னு சொல்லிருப்பாவ. நடந்து போற தூரம்

மீனா அக்கா: பிரியா உன் கேள்விக்கு இப்ப தான் பதில் சொல்லுதேன். பாப்பாவுக்கு ஒரு வயசு முடியுத வரைக்கும் தேன் கூடவே கூடாது, எவ்ளோ சுத்தமா இருந்தாலும். அதுல சில நேரம் ஒரு கிருமியோட வித்து இருக்கும், பெரியவங்க குடல்ல அது மொளைக்காது, பச்சப்பிள்ள குடல்ல மொளைச்சு விஷம் சுரக்கும், பிள்ளை தொவண்டு போயிரும், பால் குடிக்காது. வசம்பும் இப்ப வேண்டாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் தான், பெரியம்மாட்ட நானே பேசுதேன்

முத்து மாமா: (ஆச்சி) தேனு வேண்டாம்னா வேண்டாம். எம் பிள்ளைகளுக்கு வசம்பு கருக்கி தொப்புள சுத்தி தான் போட்டேன். கேட்டுக்கிடுங்க

பிரியா: ஆச்சி சொன்னா அம்மா கேப்பா ❤️

இரவு 7:48
பெரியப்பா: உயிரோட தான் இருக்கேன். கஞ்சி குடிச்சேன்

செல்வி சித்தி: அத்தான்!! இப்ப தேவலயா

பெரியப்பா: வயிறு மட்டும் ரணமா இருக்கு. மாத்திரை போட்டாச்சு நர்ஸ் முன்னால நின்னு முழுங்க வெச்சுட்டாவ

(பெரியப்பா ஒரு மெசேஜை நீக்கினார்)

மீனா அக்கா: வேற எந்த குரூப்ல போட்டிய பெரியப்பா

பெரியப்பா: வாக்கிங் குரூப். அப்புறம் ரிட்டயர்டு ஸ்டாப் குரூப். அதுல 64 பேரு இருக்காவ. வெக்கமா இருக்கு மீனா

மீனா அக்கா: அங்கயும் அழிச்சிட்டு நடந்தத ரெண்டு வரி போடுங்க. உங்க பேச்சுக்கு தான் அங்க மதிப்பு

பெரியப்பா: போட்டுட்டேன். உடனே ஒருத்தர் தனியா மெசேஜ் அனுப்புதாரு, ‘எனக்கு முந்தாநாள் கசந்துச்சு சார், ஒரு வாய் குடிச்சிட்டு வீட்டம்மாவ ஏசிட்டேன்’னு

கார்த்தி: அந்த வீட்டம்மாவுக்கு ஒரு சாரி சொல்ல சொல்லுங்க

பிரியா: எல்லாரும் ஒரு நிமிஷம். இப்பதான் வீட்டுக்கு துணி எடுக்க வந்தேன். மிச்ச அரைக்காய் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, அம்மா போன்ல கேக்கா வேக வெச்சு கூட்டு வைக்கலாமான்னு, வீணாகுதேன்னு

மீனா அக்கா: வேகவெச்சாலும் அது போகாது!! குப்பைல போடு

முத்து மாமா: மாட்டுக்கும் போடாத

பிரியா: போட்டாச்சு. டீச்சர் வீட்டுக்கும் போயி சொன்னேன் வேற யாருக்கும் குடுத்துறக்கூடாதுல்லா. அவிய அதே கொடில பறிச்ச காய முந்தாநாளே சாம்பார்ல போட்டு கசந்துச்சுன்னு சட்டியோட கொட்டிட்டாவளாம். ‘சார் சுகருக்கு குடிக்காரே, அவருக்கு கசப்பு நல்லதாச்சேன்னு தான் பாத்து பெரிய காயா குடுத்தேன்’ங்காவ

செல்வி சித்தி: அடப்பாவமே. அத்தான் கிட்ட மட்டும் சொல்லிறாத பிரியா

பெரியப்பா: செல்வி நானும் இந்த குரூப்ல தாம்மா இருக்கேன்