பூம் லிஃப்ட் வெல்டிங் ஜெனரேட்டர்: ஆயில் சூடானதும் படுத்துவிடுகிறது

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷெட் கூரை வேலை. டீசல் பூம் லிஃப்ட்டில் (ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டி) ஹைட்ராலிக் மோட்டார், அதாவது ஆயில் பிரஷரில் சுற்றும் மோட்டார், ஓட்டுகிற வெல்டிங் ஜெனரேட்டர். காலையில் அருமையாகப் போகிறது. பதினொரு மணிக்கு மேல் (நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம்) ஆர்க் நிற்பதில்லை, வெல்டிங் ராடு ஒட்டிக்கொள்கிறது.

நாலு காந்த முனை (4-pole) உள்ள ஜெனரேட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு 1500 ஆர்பிஎம் வேண்டும். லோடு இல்லாதபோது மீட்டர் 51 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. ராடை வைத்ததும் 43-க்கு இறங்கி, வோல்டேஜும் கூடவே விழுகிறது. இன்ஜின் சத்தம் மட்டும் மாறவே இல்லை. அதனால் குறை ஹைட்ராலிக் பக்கம்தான் என்பது என் கணக்கு. கரண்ட் பக்கமென்றால் ஹெர்ட்ஸ் அப்படியே நின்று வோல்டேஜ் மட்டும் விழுந்திருக்கும். வாடகைக்கு விட்டவர்களின் மெக்கானிக் கார்பன் பிரஷ்ஷை மாற்றிவிட்டுப் போனார், பைசா பிரயோஜனமில்லை.

ஃபில்டர் புதுசு, ஆயில் அளவு சரி, கூலர் தூசியையும் ஊதியாயிற்று. அடுத்து மோட்டாரின் கேஸ் டிரெயின் ஹோஸை (மோட்டாருக்குள் கசியும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் குழாய்) கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் வருகிறதென்று வாளியில் பிடித்துப் பார்க்கலாமா? மோட்டார் தேய்ந்திருந்தால் சூட்டில் அங்கேதான் கொட்டும். இல்லை, ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) முன்கூட்டியே திறக்கிறதா? எதை முதலில் பார்ப்பது?

அப்புறம், காட்பாடி, வாலாஜா பக்கம் யாரிடமாவது ஆயில் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.