புதுப்பிப்பு: மச்சாளின் ஆறாவது பிரசவம்

முன்னர் கேட்டிருந்தேன்: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கும் மச்சாளுக்கு இது ஆறாவது, முந்திய ஐந்தும் சுகப்பிரசவம், வலி கண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதாதா என்று. பெட்டைப்பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு பேரும் சுகம்.

போதாது என்பதுதான் பதில். குடும்பநல மாது (அந்தப் பகுதி மருத்துவிச்சி) விடவேயில்லை. பல பிள்ளை பெற்ற கருப்பை, பிள்ளை வந்ததும் சரியாகச் சுருங்காமல் தளர்ந்துவிடலாம். அப்போது இரத்தம் நிற்காது. வலியும் சில பேருக்குச் சடாரென்று முற்றிவிடும், காட்டு ரோட்டில் ஓட்டோவுக்குள் வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சரி என்று நாளுக்கு முன்பே வார்டில் விட்டோம்.

பயந்தது போலவே இரத்தம் கொஞ்சம் கூடத்தான் போனது. பிள்ளை வந்த கையோடு, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிடோசின் ஊசி போட்டிருந்தார்கள். அப்புறம் தாதி அடிவயிற்றைக் கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே நின்றாராம், கருப்பை கல் மாதிரி இறுகும்வரை. மச்சாளுக்கு அதுதான் பிரசவத்தை விட நோவாம்!

இரத்தசோகை முதலே இருந்தது. இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தால் எப்படி ஏறும்? தேத்தண்ணீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. இப்போது தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கிறா.

இனிக் கருத்தடைக்கு லூப்பா (கருப்பைக்குள் வைக்கும் சாதனம்) வேறேதுமா என்று கிளினிக்கில் கதைக்கப் போகிறார்கள். மாமி இன்னும் முறைக்கிறா.