பூச்சாட்டுத் தகராறுக்குப் பிறகு பள்ளிக்கு வராத பிள்ளைகள்: முதல்ல எதைச் செய்யணும்?

வாய்க்கால்மேடு (கேள்வி)

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. மேலாண்மைக் குழு சார்பா கேட்கறேன். மாரியம்மன் பூச்சாட்டுல தீர்த்தக்குடம் எந்த வீதி வழியாப் போறதுன்னு தகராறாகி, ரெண்டு தரப்பு மேலயும் வழக்கு ஆயிருச்சு. மொத்தம் 112 பிள்ளைகள். அதுல ஒரு தரப்பு குடியிருக்கிற தெற்கு வளவுப் பிள்ளைகள் 31 பேர் ஒன்பது நாளா வரலை. பந்தோபஸ்து போலீஸ் பள்ளி வராந்தாவுலயே தங்கியிருக்காங்க. பிள்ளைகளை வெச்சு ஒற்றுமைப் பேரணி நடத்தலாம்னு ஒரு யோசனை ஓடுது. ஆண்டுத் தேர்வுக்கு அஞ்சு வாரம்தான் இருக்குதுங்க.

கீழ்பவானி

பேரணியை நிறுத்திருங்க. பெரியவங்க கைகலந்த அதே வீதியில பிள்ளைக கையில பதாகை கொடுத்து நடக்க விட்டா, எந்தப் பிள்ளை எந்த வளவுன்னு ஊரே எண்ணிப் பார்க்கும். சாயங்காலத்துக்குள்ள படம் வாட்ஸ்அப்புல சுத்தும். சமாதானம் பண்ற பாரம் பிள்ளைகளோடது இல்லீங்க.

அடுத்தது போலீஸ். காவல் வேணும், ஆனா பள்ளிக்குள்ள வேண்டாம். அப்பனைக் கூட்டிட்டுப் போனவங்க வாசல்ல உட்கார்ந்திருந்தா எந்தப் பிள்ளை உள்ள வரும்? சமுதாயக் கூடத்துக்கு மாத்தச் சொல்லிக் குழுத் தீர்மானம் போட்டு, கோட்டாட்சியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் நகல் கொடுங்க. சத்தீஸ்கர் மாவோயிஸ்ட் மோதல் வழக்குல 2011-ல உச்ச நீதிமன்றம் பாதுகாப்புப் படைகளைப் பள்ளி, விடுதிகளை விட்டு வெளியேறச் சொல்லியிருக்குது. நம்ம நிலைமை அந்த அளவுக்கு இல்லைன்னாலும், பள்ளி படிப்புக்குத்தான்கிற அந்த நியாயத்தை மனுவுல எழுதலாம். அமைதிப் பேச்சுவார்த்தையையும் பள்ளியில வைக்க விடாதீங்க.

மூணாவது, பிள்ளைக வந்து போற வழி. வேலை எங்க கெட்டுப்போகும்னா இங்கதான். வளவுக்கு ஒருத்தர்னு ரெண்டு அம்மாமார் ஜோடியா நடந்து கூட்டிட்டு வரணும். காலை உணவு ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்தான், அதனால சின்னதுக முன்னாடியே கிளம்பணும், ஆறு முதல் எட்டு வரை உள்ளதுக பின்னாடி வரும். ஒரே நடை வெச்சீங்கன்னா ஏதோ ஒரு கூட்டம் தனியாத்தான் வரும். ரெண்டு நடை வேணும். காலையில ஆள் கிடைச்சுரும். சாயங்காலம் தறிக்கும் மில்லுக்கும் போனவங்க திரும்பியிருக்க மாட்டாங்க, மூணாம் நாளே முறை உடையும். சாயங்கால ஜோடியை முதல்ல எழுதிட்டு அப்புறம் காலையை எழுதுங்க. ஆபத்தில்லைன்னு வாய்க்கால் கரை வழியா மறைவாக் கூட்டிட்டு வராதீங்க. தண்ணி ஓடுது, அது ஒண்ணு. "பொது ரோடு உனக்கில்லை"ன்னு நாமளே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிரும், அது இன்னொண்ணு.

நொய்யல்கரை

வழி சரியானதும் பள்ளிக்குள்ள பாருங்க. பிள்ளை ஒதுக்கப்படுறது பாட நேரத்துல தெரியாது. தட்டு, குழாய், கழிப்பறை, இந்த மூணு இடத்துலதான் தெரியும். மதியச் சாப்பாட்டப்ப ஒரு ஆசிரியர் வரிசைக்கு நடுவுல தட்டு வெச்சு உட்கார்ந்து சாப்பிடணும். ஓரமா நின்னு பார்த்தா பத்தாது. சாப்பிட்டதும் தட்டு கழுவுற குழாய்கிட்ட நில்லுங்க. யார் எடுத்த தட்டை யார் தொடாம விடறாங்கன்னு அங்க தெரியும்.

உட்கார்ற இடம் அகர வரிசைப்படி இருக்கட்டும். சாதிப் பகையில சக மாணவனை வெட்டின நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு 2023-ல அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 அறிக்கையில சொன்னதும் அதுதான். வருகைப் பதிவேட்டுல சாதி தெரியக் கூடாது, கையில கலர்க் கயிறு கூடாதுன்னும் அதுல இருக்குது. ஆனா கயிறை ஆசிரியர் வகுப்புல வெச்சு அறுக்க வேண்டாம். அந்தப் பையன் மறுநாள் ரெண்டு கயிறு கட்டிட்டு வருவான். பெத்தவங்களை வரச் சொல்லி, தனியாப் பேசி, எல்லா வளவுப் பசங்களுக்கும் ஒரே நாள்ல அமல்படுத்துங்க.

பிள்ளைகளைக் கேட்காம எதையும் முடிவு பண்ணாதீங்க. எழுதச் சொன்னா கையெழுத்து காட்டிக் கொடுத்துரும். புகார்ச் சீட்டுப் போடுற மாணவர் மனசுப் பெட்டி இருந்தாலும், பயந்த பிள்ளை எல்லார் கண்ணு முன்னாடியும் அதுல சீட்டுப் போடாது. புளியங்கொட்டை போதும். ஆறு டப்பா எடுத்து ரோடு, கோயில் முக்கு, குழாய், கழிப்பறை, சாப்பாட்டு இடம், விளையாட்டுத் திடல்னு படம் ஒட்டுங்க. வகுப்புவாரியா, ஒவ்வொரு பிள்ளைக்கும் மூணு கொட்டை. திரைக்குப் பின்னால ஒவ்வொருத்தராப் போய், பயமா இருக்கிற இடத்து டப்பாவுல போடட்டும். பயப்பட ஒண்ணுமில்லைன்னா கொட்டையைப் போடுறதுக்குப் படமில்லாத ஏழாவது டப்பா ஒண்ணு வைக்கணும்; இல்லைன்னா கையில மிச்சம் வெச்சிருக்கிற பிள்ளை அடையாளமாயிரும். ஆள் பேர் கேட்காதீங்க, இடத்தை மட்டும் கேளுங்க. 31 பேர் கொட்டை 112 பேரோடதுல அமுங்கிப் போகும், அதனால கொட்டை குறைச்சலா விழுந்த டப்பாவையும் தள்ளிராதீங்க. ஒரு வாரத்துக்குள்ள ஒரு இடத்தையாவது மாத்திக் காட்டணும். மாத்தலைன்னா அடுத்த தடவை டப்பா காலியாத்தான் இருக்கும்.

தாராபுரத்துக்காரர்

சட்டப் பக்கம் சில விஷயங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ சாட்சி விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வகுப்பறையில் விசாரணை நடக்காமல் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் சிக்கல்தான்.

பயத்தில் பெற்றோர் வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்ற நினைத்தால், மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதைக் காட்டி அந்தப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது (கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5). உங்கள் மேலாண்மைக் குழுவையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. தெற்கு வளவிலிருந்து ஆள் இல்லாமல் போடும் தீர்மானத்தை அந்த வளவு நம்பாது. மிரட்டல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித் துறையில் புகார் என்றால் 14417.

வாய்க்கால்மேடு

ரொம்ப நன்றிங்க. வந்த முதல் நாள் "என்ன நடந்துச்சு"ன்னு பிள்ளைகளைக் கேட்கலாமுங்களா?

நொய்யல்கரை

கேட்க வேண்டாமுங்க. "வந்துட்டியா கண்ணு, உன் இடம் இங்கதான் இருக்குது" அது போதும். தானாச் சொன்னா தனியா உட்கார்ந்து கேளுங்க, நோட்டுல எழுதாதீங்க. மத்தபடி மணி, பிரார்த்தனை, பாடம் எல்லாம் வழக்கம் போலவே நடக்கட்டும். விட்டுப்போன பாடத்துக்கு எல்லாருக்கும் சேர்த்துத் திருப்புதல் வைங்க. அந்த 31 பேரை மட்டும் தனி அறையில உட்கார வெச்சா அதுவே ஒரு பிரிவினையாயிரும். படுக்கையில சிறுநீர் போறது, பேசாமலே இருக்கிறது, சத்தம் கேட்டா நடுங்குறது எல்லாம் ஒரு மாசத்துக்கு மேலயும் நீடிச்சா அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. மனநல உதவி எண் 14416-ல தமிழ்லயே பேசலாம்.

கீழ்பவானி

இன்னொண்ணு. 31-ல 28 திரும்பிருச்சுன்னு நிம்மதியா இருந்துராதீங்க. மிச்சம் மூணு யாருன்னு மூணாம் நாளே வீட்டுக்குப் போய்ப் பாருங்க. எட்டாவது படிக்கிற பொம்பளப் பிள்ளைன்னா, "இந்தக் கலவரம் ஓயட்டும்"னு ஸ்பின்னிங் மில் விடுதிக்கு அனுப்ப ஏற்பாடு ஓடிட்டிருக்கலாம். மில்லுல சேர்ந்த பிறகு கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டமுங்க. போறப்ப பாடப் புத்தகத்தையும் தேர்வுக் கால அட்டவணையையும் கையில கொண்டு போங்க, வெறுங்கையோட போகாதீங்க.