நிமிடத்துக்கு 2,000 ரவுண்டு: குடும்பக் குழுவில் ஒரு பீரங்கிப் பேச்சு

கவின்: பெரியப்பா, இசட்யூ-23-2 விமான எதிர்ப்பு பீரங்கி நிமிடத்துக்கு 2,000 ரவுண்டு சுடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அவ்வளவு தோட்டாவை எங்கே வைப்பார்கள்?

முருகன் பெரியப்பா: வைக்கவே முடியாது. இரண்டு குழல், குழலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு 50 தோட்டா. ஒரு குழலின் வேகம் நிமிடத்துக்கு 1,000. நீயே கணக்குப் போடு.

கவின்: 3 வினாடி!! அவ்வளவுதானா?

முருகன் பெரியப்பா: ஆமாம், சுடுவதற்கான பெடலை விடாமல் மிதித்தால் 3 வினாடியில் இரண்டு பெட்டியும் காலி. குழலும் சூடேறிவிடும். அதனால் விட்டுவிட்டுத்தான் சுடுவார்கள். பெட்டி மாற்றுவதையும் சேர்த்தால் நடைமுறையில் நிமிடத்துக்கு 400. என்னைக் கேட்டால் இந்த 400 தான் பார்க்க வேண்டிய எண்.

யாழினி: அப்புறம் எதற்கு அந்த வேகம்? மெதுவாகவே சுடலாமே?

முருகன் பெரியப்பா: விமானம் எட்டும் தூரத்தில் இருப்பதே சில வினாடிதான்மா. குண்டு வினாடிக்கு 970 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 2 கிலோமீட்டர் போக 2 வினாடிக்கு மேல் ஆகும். வினாடிக்கு 250 மீட்டர் பறக்கும் விமானம் அதற்குள் அரை கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ஆக, அது வரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். தூரம், வேகம், திசை எல்லாவற்றையும் கண்ணால் மதிப்பிட்டு, குறிபார்க்கும் கருவியில் கையால் வைக்கிறார்கள். கொஞ்சமாவது பிசகும். அதை ஈடுகட்டத்தான் கொத்தாகச் சுடுவது.

செல்வி அத்தை: படாத குண்டெல்லாம் கீழே இருப்பவர்கள் தலையில் விழாதா அண்ணா?

முருகன் பெரியப்பா: வெடிக்கும் வகைக் குண்டு எதிலும் படாவிட்டால் சில வினாடிகளில் வானத்திலேயே தானாக வெடித்துவிடும் செல்வி. ஆனால் சில்லு விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் யாரும் வெளியே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

கவின்: லாரியில் ஏற்றியும் பார்த்திருக்கிறேன்.

முருகன் பெரியப்பா: எடை சுமார் 950 கிலோதானே, ஏற்றிவிடலாம். ஆனால் இழுத்துப் போகத்தான் செய்தது. சக்கரங்களை மடக்கித் தூக்கினால் அடிப்பாகம் தரையில் உட்காரும், ஜாக்கியால் மட்டம் செய்வார்கள். பழகிய ஆட்களுக்கு 15–20 வினாடி போதும். அந்த வேகத்தைப் பார்த்தால் அசந்துபோவாய்.

யாழினி: போஃபர்ஸ் எல்-70 விமான எதிர்ப்பு பீரங்கியும் இதே மாதிரியா?

முருகன் பெரியப்பா: இல்லை, இதன் குழல் விட்டம் 23 மில்லிமீட்டர்; அது 40 மில்லிமீட்டர், ஒற்றைக் குழல். குண்டு நாலு மடங்குக்கு மேல் கனம், எட்டும் தூரமும் அதிகம். ஆனால் பீரங்கியும் பல மடங்கு கனம்.

கவின்: 1960-இல் சோவியத் படையில் சேர்ந்த இசட்யூ-23-2 இன்னும் ஓடுகிறதே!

முருகன் பெரியப்பா: ட்ரோன் வந்ததும் ஒரு காரணம். மெதுவாக, தாழ்வாக வரும் மலிவான ட்ரோனுக்கு விலை உயர்ந்த ஏவுகணையை எத்தனை தடவை விடுவது? உக்ரைனில் இதை வைத்தும் அடிக்கிறார்கள். இதற்கென்று ராடார் கிடையாது. அதனால் இரவில் தேடுவிளக்கோ, வெப்பத்தைக் காட்டும் கேமராவோ கூட வேண்டும்.