விசா ஜன்னலில் சொன்ன காரணமும் சொல்லாத காரணமும்

பொள்ளாச்சிக்காரன்:

படிக்க வெளிநாடு போனவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் இருக்கும். விசா அதிகாரியிடம் சொன்னது ஒன்று. வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது இன்னொன்று. இங்கே இரண்டையும் எழுதுவோமா? நானே தொடங்குகிறேன்.

2019 ஜூன். சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பணம் யார் கட்டுகிறார்கள், படித்து முடித்து என்ன செய்வாய், இந்த மூன்றே கேள்விதான். பல்கலைக்கழகம் சேர்க்கைக்குத் தரும் ஐ-20 தாளை மட்டும் அதிகாரி வாங்கிப் பார்த்தார். கையில் கனத்துக்கொண்டிருந்த ஃபைலை அவர் கேட்கவே இல்லை.

அந்த ஃபைலுக்குள் எங்கள் வீடே இருந்தது. கல்விக்கடனுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். இடமோ தாத்தா பெயரில். வங்கி வக்கீல் 30 வருட வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ், கூடவே தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அத்தையிடமிருந்து விடுதலைப் பத்திரமும் கேட்டார். அப்பாவும் அத்தையும் பேசி ஆறு வருஷம். அப்பா தாம்பாளத்தில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அத்தை கைரேகை வைத்துவிட்டு, மை துடைத்த துணியை மடித்துக்கொண்டே, "பையன் படிக்கட்டும்" என்று சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிகாரியிடம் நான் சொன்னது: "படித்துவிட்டு ஊருக்கே வந்து வேலை பார்ப்பேன்." அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. மாணவர் விசா கேட்டு நிற்பவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று அது முதலிலேயே எடுத்துக்கொள்ளும்; இல்லையென்று நிரூபிப்பது நம் வேலை. மனதில் இருந்தது வேறு. இங்கே கல்லூரி வளாக நேர்முகத்தில் கிடைத்த வேலைக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம். அக்கா கல்யாணக் கடனின் வட்டிக்கே அது போய்விடும். அங்கே படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம், பொறியியல் மாதிரி படிப்புகளுக்கு மேலும் 24 மாதம். அந்த 36 மாதச் சம்பளம்தான் என்னை இழுத்தது.

அதற்குப் பிறகும் வேலையில் தொடர எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். 2022, 2023, 2024 என்று மூன்று முறை அதன் குலுக்கல். வருஷத்துக்கு 85,000 இடம், கேட்பவர்கள் பல லட்சம். என் பெயர் விழவில்லை. 2024 ஜூலையில் திரும்பிவிட்டேன். கடன் அடைந்துவிட்டது, பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஊரில் இறங்கியதும் முதலில் போனது அத்தை வீட்டுக்குத்தான்.

யாழ்ப்பாணத்து அக்கா, இப்ப இங்கிலாந்தில லெஸ்டர்:

தம்பி, உங்கட அத்தையின்ர கைரேகையை வாசிச்சிட்டுத்தான் இதை எழுதுறன்.

நான் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, வேலை செய்தனான். பென்சன் உள்ள உத்தியோகம், எங்கட ஊரில ஒருத்தரும் விடாயினம். 2022 சித்திரையில அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு அறிவிச்சுது. 200 ரூபா அளவில நிண்ட டொலர் கொஞ்ச நாளில 360ஐத் தொட்டுது. என்ர சம்பளம் மட்டும் அதே சம்பளம். காஸ் இல்லாமல் முற்றத்தில விறகடுப்பு மூட்டினம். அந்த வருசமே அரசாங்கம் உத்தியோகத்தருக்கு 5 வருசம் வரைக்கும் சம்பளமில்லாத லீவு தந்தது. வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் பென்சனும் குறையாது எண்டு. நாடே "போயிட்டு வா" எண்டு கதவைத் திறந்துவிட்டமாதிரி.

பல்கலைக்கழகம் வீடியோவில கேட்டது, "இந்தப் படிப்பு இலங்கையில இல்லையோ?" எண்டு. பாடங்களை ஒண்டொண்டாய்ச் சொல்லி விளங்கப்படுத்தினன். சொல்லாதது: என்ர மகளையும் இவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில நிம்மதியாய் இருக்கவேணும். 2023 செப்டம்பர் வகுப்புக்குத்தான் ஆயத்தம். காட்டவேண்டிய காசு வங்கியில 28 நாள் குறையாமல் நிக்கவேணும். 19ஆம் நாள் அம்மாவை ஆசுபத்திரியில சேர்த்தம். அந்தக் காசிலதான் கை வைச்சன். கணக்குத் திரும்ப முதலாம் நாளிலயிருந்து. செப்டம்பர் தவறி 2024 தை வகுப்புக்குப் போனது. அந்த சனவரி 1இலயிருந்து தொடங்கின படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் பட்டம் தவிர, குடும்பத்தைக் கூட்டிவரேலாது எண்டு பிரித்தானியா சட்டம் மாத்தினது.

அம்மா பிழைச்சிட்டா. அந்தக் காசை எடுத்ததுக்கு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் மகள் இன்னும் ஊரிலதான். சப்பாத்து அளவுக்கு ஒரு கொப்பித் தாளில காலை வைச்சு வரைஞ்சு அனுப்பினவள். வாங்கி அனுப்பி, அது போய்ச் சேர முந்தியே கால் வளர்ந்திட்டுது. படிப்புக்குப் பிறகான 2 வருச விசாவிலயும் அவளைப் புதிசாய்ச் சேர்க்கேலாது. திறன் தொழிலாளர் விசாவுக்கு மாறினால் சேர்க்கலாம். அதுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 யூலையிலயிருந்து 41,700 பவுண்ட். அந்தச் சம்பளத்தில ஒரு வேலை தேடிக்கொண்டு திரியிறன்.

தர்மபுரி, இப்போது டிரெஸ்டன்:

அண்ணா, எங்களுக்கு அடமானம் வைக்கக்கூட வீடு இல்லை, வாடகைதான். அதனால்தான் ஜெர்மனி. இங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. ஆனால் முதல் வருஷச் செலவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போட்டாக வேண்டும். மாதம் 992 மட்டும் எடுக்கலாம். அண்ணன் இரண்டு சீட்டைத் தள்ளி எடுத்தார், மாமா டிராக்டரை விற்றார். இங்கே படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். மொழிதான் பாடு. நேர்முகத்தில் ஆங்கிலம் போதும் என்கிறார்கள், அப்புறம் அழைப்பதில்லை. கிளம்ப நினைப்பவர்கள் ஊரிலேயே ஜெர்மன் மொழியில் பி1 நிலை வரையாவது முடித்துவிட்டு வாருங்கள்.

நெல்லைப் பக்கத்து அம்மா:

நான் போனவள் இல்லை. அனுப்பப் பார்த்தவள்.

மகனுக்குக் கனடா. செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட அந்த நாட்டு வங்கியில் போடும் ஜிஐசி வைப்பு, 2024 தொடக்கத்தில் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 ஆகியிருந்தது. என் வளையலும் தாலிக்கொடியும் அதற்குப் போயின. பத்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது: படிப்பு முடிந்ததும் கனடாவை விட்டுப் போவார் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. வைப்புப் பணம் திரும்பி வந்தது. ஏஜென்டிடம் கட்டிய 80,000 ரூபாய் வரவில்லை. இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை.

விண்ணப்பத்தில் நல்ல படிப்பு, நல்ல வேலை என்று எழுதிக் கொடுத்தோம். அது பொய்யில்லை. ஆனால் எங்கள் ஊரில் டீக்கடைப் பெஞ்சில் அவனை அவன் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வகுப்பில் தேறி வந்த அன்றும் அப்படித்தான். யாரும் தெரு கேட்காத ஓர் ஊரில் அவன் இருக்கட்டும் என்றுதான் நகையைக் கழற்றினேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். இன்னொரு தடவை பார்க்கலாமா அம்மா என்று போன வாரம் கேட்டான். டிரெஸ்டனில் இருக்கும் தம்பி, ஜெர்மனிக்காக நம் மார்க் ஷீட்டைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கைக்கு வர உங்களுக்கு எத்தனை நாளாயிற்று? மார்க் ஷீட் எல்லாம் உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன். எந்த ஊரில் ஜெர்மன் வகுப்புச் சேர்ந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.