கிளாக் 17 கைத்துப்பாக்கி: மாற்றிய டிரிகரைச் சோதித்து எழுதித் தர யார் இருக்கிறார்கள்?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். பெரியப்பாவின் கிளாக் 17 போன வருடம் முறைப்படி என் பெயருக்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் ஒழுங்காக இருக்கிறது. உள்ளே இருப்பது மட்டும் அசல் டிரிகர் இல்லை; முந்தியே யாரோ போட்ட லேசான ஒன்று.

போன மாதம் துடைத்து முடித்து, குண்டில்லாமல் இழுத்து வைத்திருந்தது, மேசையிலிருந்து சரிந்து ரப்பர் விரிப்பில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால், முன்னால் நிற்க வேண்டிய டிரிகர் பின்னால் போயிருந்தது. அதாவது ஸ்டிரைக்கர் (குண்டின் பின்புறத்தில் அடிக்கும் ஊசி) தானாக விடுபட்டிருக்கிறது. குண்டு இருந்திருந்தால், அந்த ஊசியை மறிக்கும் பிளஞ்சர் என்ற சிறு முளை ஒன்றுதான் மிச்சக் காவல். டிரிகரின் முன் ஓட்டத்தை (ஊசி விடுபடும் முன் டிரிகர் நகரும் தூரத்தை) மாற்றியவர் குறைத்திருந்தால் அதுவும் பாதி தூக்கியபடி நிற்கலாம். இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

கழற்றிச் சுத்தம் செய்து பூட்டினேன். ஸ்லைடின் (துப்பாக்கியின் நகரும் மேல் பகுதி) பின்புறத்தைத் தட்டினால் இன்னும் சில நேரம் விடுபடுகிறது. திருத்துபவர் ஒருவர், “லேசான டிரிகர் அப்படித்தான் தம்பி” என்றார் (அது ஒரு பதிலா?). காப்புறுதி முகவர் கையை விரித்துவிட்டார். சட்டத்தரணியோ, யார் மாற்றியிருந்தாலும் பத்திரம் உங்கள் பெயரில், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்கிறார். இப்போதைக்குத் துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டுகள் வேறு பூட்டில்.

கொழும்பில் அனுமதி பெற்ற எந்தத் திருத்துநர் அசல் பாகங்களைப் போட்டு, சோதித்ததை எழுத்திலும் தருவார்?